உச்சி வெயிலில் எடுத்த பிரமிடு

அன்புள்ள அக்கா,

ஹூஸ்டனில் இருக்கிறேன். உங்கள் பயணக் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிப்பவன். போன டிசம்பர் விடுமுறையில் மனைவி, ஏழு வயது மகளோடு மெக்சிகோவில் கான்கூனுக்குப் போய் ஐந்து நாள் இருந்தோம். ரிசார்ட்டில் ஏற்பாடு செய்த பஸ்ஸில் ஒரு நாள் சிச்சென் இட்சா பிரமிடு, இன்னொரு நாள் கடலோரத்தில் இருக்கும் துலும். அழிந்துபோன மாயர்களின் நகரங்களைப் பார்க்க வேண்டும் என்பது பள்ளிக்கூட நாளிலிருந்தே என் ஆசை. அதற்காகவே புதுக் கேமராவும் வாங்கினேன்.

இரண்டாயிரம் படங்களுக்கு மேல் எடுத்திருப்பேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒன்றும் மனதில் நிற்கவில்லை. பிரமிடு கறுத்துக் கிடக்கிறது, பின்னால் வானம் வெள்ளைத்தாள் மாதிரி வெளுத்திருக்கிறது. பறவை, விலங்கு எதுவும் சரியாக வரவில்லை. எட்டுப் படங்களை இணைத்திருக்கிறேன். வரும் ஜூலையில் மறுபடி போகப் போகிறோம். ரிசார்ட் கடற்கரையில் ஆமைக்குஞ்சுகள் வருவதைப் பார்க்கலாமாம், மகள் இப்போதே நாள் எண்ணிக்கொண்டிருக்கிறாள். எங்கே தப்பு செய்தேன்? நல்ல லென்ஸ் ஒன்று வாங்கினால் சரியாகுமா?

ஒரு வாசகன், ஹூஸ்டன்

*

அன்புள்ள தம்பி,

எட்டுப் படங்களையும் பெரிய திரையில் போட்டு நிதானமாகப் பார்த்தேன். கேமராவில் குறை இல்லை. உங்கள் கையிலும் குறை இல்லை. நீங்கள் அங்கே நின்ற நேரம்தான் தப்பு. லென்ஸ் வாங்க வேண்டாம். அந்தப் பணத்தை எதில் போடலாம் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்தப் பிரமிடு படம். அது எடுத்த நேரம் பகல் 11.40 என்று படத்திலேயே பதிவாகியிருக்கிறது. நீங்கள் வடக்குப் பக்கம் நிற்கிறீர்கள், அடியில் பாம்புத் தலைகள் உள்ள படிக்கட்டுக்கு நேர் எதிரே. எல்லோரும் நிற்கிற இடம் அது. டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்து போகிறது. அதாவது உங்களுக்கும் சூரியனுக்கும் நடுவில் பிரமிடு நிற்கிறது. அந்த மாதத்தில் வடக்கு முகத்துக்கு நேர் வெயில் அநேகமாகக் கிடைப்பதே இல்லை. படிக்கட்டைத் தெளிவாக்கப் போனால் வானம் வெளுக்கும், வானத்தைக் காப்பாற்றினால் கல் கறுக்கும். எத்தனை விலை கொடுத்து லென்ஸ் வாங்கினாலும் இது மாறாது.

இந்தத் தொல்லை உங்களுக்கு முன்பே, 180 வருடங்களுக்கும் முன்னால், ஒருவருக்கு வந்திருக்கிறது. 1841இல் ஜான் லாய்ட் ஸ்டீபன்ஸ் என்ற அமெரிக்கரும் ஃப்ரெடரிக் கேதர்வுட் என்ற ஆங்கிலேய ஓவியரும் இதே யுகாட்டன் தீபகற்பத்துக்கு இரண்டாவது முறையாக வந்தார்கள். கையில் ஒரு டாகரோடைப் கருவி, வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் படம் பிடிப்பது. புகைப்படம் என்ற ஒன்று உலகத்துக்கு அறிமுகமாகி இரண்டே வருடம் ஆகியிருந்தது. உஷ்மால் நகரத்துக் கட்டடங்களை அதில் பிடித்துப் பார்த்தார்கள். அங்கே சுவர் முழுக்க மழைத் தெய்வம் சாக்கின் முகங்கள், மூக்கு வளைந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நீட்டிய இடமெல்லாம் வெயிலில் பளீரென்று, உள்வாங்கிய இடமெல்லாம் இருட்டாக விழுந்துவிட்டது. கட்டடம் எப்படி இருக்கும் என்று பொதுவாகத் தெரிந்துகொள்ள அது போதும், அச்சுக்குச் செதுக்குபவரிடம் கொடுக்கப் போதாது என்று முடிவு செய்து, கேதர்வுட் மறுபடி பென்சிலை எடுத்தார். அந்த வெயிலில் நாள்கணக்காக நின்று வரைந்தார். அந்தக் கோட்டோவியங்களை நான் எத்தனை முறை பார்த்தாலும் அலுப்பதில்லை. ஒவ்வொரு கல்லும் தனித்தனியாகத் தெரியும். நின்று பார்த்தவனின் படம் அது.

உங்களிடம் இருக்கும் கேமரா டாகரோடைப்பை விட ஆயிரம் மடங்கு கெட்டிக்காரக் கருவி. ஆனால் வெயில் அதே வெயில்தான். அதனால் அங்கே போகும்போது பஸ்காரர் கொடுக்கும் அட்டவணையை மறந்துவிட்டு வெயிலின் அட்டவணைப்படி நாளைப் பிரித்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல நினைப்பது இவ்வளவுதான்.

ஜூலையில் போகிறீர்கள் என்பது நல்ல செய்தி. அந்த மாதத்தில் சூரியன் வடகிழக்கில் உதிக்கும். டிசம்பரில் இருண்டு கிடந்த அதே வடக்குப் படிக்கட்டில் காலை வெயில் சாய்வாக விழும், ஒவ்வொரு படியின் விளிம்பும் தெரியும். படிகளை மகளை எண்ணச் சொல்லுங்கள். ஒரு பக்கத்துக்கு 91 என்று கணக்கு. நான்கு பக்கம் 364, உச்சி மேடையையும் சேர்த்தால் 365. ஏற விடமாட்டார்கள், கீழே நின்றே எண்ண வேண்டும். எண்ணி முடித்ததும் கிழக்குப் பக்கமும் தெற்குப் பக்கமும் போய்ப் பாருங்கள். வடக்கும் மேற்கும்தான் நன்றாகச் செப்பனிடப்பட்ட பக்கங்கள், தபால் அட்டையில் வருபவை. மற்ற இரண்டிலும் சிதைவு அப்படியே இருக்கிறது. கூட்டமும் குறைவு. என் கண்ணுக்குப் பிரமிடின் வயது அங்கேதான் தெரிகிறது.

மார்ச்சிலும் செப்டம்பரிலும் பகலும் இரவும் சமமாகும் நாட்களில் மாலை வெயில் அந்த வடக்குப் படிக்கட்டின் பக்கச்சுவரில் முக்கோணம் முக்கோணமாக விழுந்து, கீழே இருக்கும் பாம்புத் தலை வரைக்கும் ஒரு உடல் நெளிவது போலத் தெரியும். கட்டியவர்கள் கணக்குப் போட்டுத்தான் இதைச் செய்தார்களா என்பதில் ஆய்வாளர்கள் ஒருமித்துப் பேசுவதில்லை. அந்த நாளில் படம் எடுக்கப் போகவே வேண்டாம், கூட்டத்தின் தலைகள்தான் படத்தில் விழும்.

காலையில் போவது எப்படி? கான்கூனிலிருந்து சிச்சென் இட்சா ஏறக்குறைய 200 கிலோமீட்டர். டூர் பஸ்கள் வந்து சேரும்போது மணி பத்தரை, பதினொன்று ஆகிவிடும். அதற்குள் நல்ல வெயில் போய்விடும். லென்ஸுக்கு வைத்த பணத்தில் வய்யடோலிட் ஊரில் இரண்டு இரவு தங்குங்கள். அங்கிருந்து முக்கால் மணி நேரம்தான். காலை 8 மணிக்கு வாசல் திறக்கும்போது நீங்கள் வரிசையில் முதலில் நிற்கலாம். இன்னொரு சங்கதி, பலருக்குத் தெரியாது. கான்கூன் இருப்பது கிந்தானா ரோ மாநிலம், சிச்சென் இட்சா இருப்பது யுகாட்டன் மாநிலம். எல்லை தாண்டியதும் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகிறது. கான்கூனில் விடியும் முன் கிளம்பினால்கூட அந்த ஒரு மணி நேரம் உங்களுக்கு லாபம். டிரைபாட் வேண்டாம், அனுமதியில்லாமல் உள்ளே விடமாட்டார்கள். டிரோனும் கூடாது.

பத்தரைக்கு மேல் கேமராவை உறையில் போட்டுவிட்டு செனோட்டுக்குப் போங்கள். யுகாட்டனின் வடபகுதியில் ஆறே கிடையாது. சுண்ணாம்புப் பாறை மழையை முழுக்க உறிஞ்சிக் கீழே விட்டுவிடுகிறது, மேல்கூரை இடிந்த இடங்களில் அந்த நிலத்தடி நீர் குளமாகத் திறந்திருக்கிறது. அதுதான் செனோட். மாயர்களுக்குக் குடிதண்ணீரும் அதுதான், தெய்வமும் அதுதான். வெளியே படத்தைக் கெடுக்கும் உச்சி வெயில் இங்கேதான் வேண்டும். வய்யடோலிட் பக்கத்தில் சுய்தூன் என்று ஒரு குகைச் செனோட். கூரையில் ஒரே ஓட்டை. நண்பகலை ஒட்டி அந்த வழியாக ஒரு வெளிச்சத் தூண் நேராக இறங்கித் தண்ணீரில் நிற்கும். வெளிச்சம் விழும் இடத்துக்கு ஏற்பக் கேமராவை அமைத்துவிட்டு மற்றதெல்லாம் இருண்டு போகட்டும் என்று விட்டுவிடுங்கள். இறங்கும் முன் குளித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும், உடம்பில் சன்ஸ்கிரீன் இருக்கக் கூடாது. அந்தத் தண்ணீர் இன்னும் ஊருக்குக் குடிதண்ணீர் என்பதை மறக்க வேண்டாம்.

திறந்த செனோட்டுகளின் சுவரைக் கவனியுங்கள். தோ என்று மாயர்கள் சொல்லும் பறவை அங்கே பொந்தில் கூடு வைக்கும். நீலப்பச்சை நிறம், நீளமான இரண்டு வால் இறகுகள். நடுவில் வெறும் ஈர்க்கு, நுனியில் மட்டும் சின்ன விசிறி. கிளையில் உட்கார்ந்து அந்த வாலைக் கடிகாரப் பெண்டுலம் போல இடமும் வலமும் ஆட்டும். துரத்தினால் போய்விடும். ஒரே இடத்தில் சத்தமில்லாமல் அரை மணி நேரம் உட்கார்ந்தால் அதே கிளைக்குத் திரும்ப வரும். நான் அப்படி உட்கார்ந்துதான் ஒரு படம் எடுத்தேன், வைத்திருந்தது சாதாரண லென்ஸ். வடக்குக் கடலோரத்து ஊரான ரியோ லகார்தோஸில் ஃபிளமிங்கோ பார்க்கப் படகில் போனால் படகுக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், பறவைகளைக் கிளப்ப வேண்டாம் என்று. பறக்கிற படம் கிடைக்குமே என்று சிலர் கிட்டே விரட்டச் சொல்கிறார்கள். இரை தேடும் நேரத்தை நாம் பறிக்கிறோம். தூரத்தில் நிற்கும் இளஞ்சிவப்புக் கோடு போதும்.

அடுத்து உங்கள் ஐந்தாவது படம். எம்பிராய்டரி போட்ட வெள்ளை உடையில் ஒரு பெண்மணி, துணி விரித்து விற்றுக்கொண்டிருக்கிறார், முகத்தைத் திருப்பிக் கையால் மறைக்கிறார். அந்தப் படத்தை அழித்துவிடுங்கள் தம்பி. கடிதத்தில் "அழிந்துபோன மாயர்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் அழியவில்லை. கைவிடப்பட்டவை நகரங்கள்தான். 1562இல் மனி என்ற ஊரில் தியேகோ தெ லாந்தா என்ற பாதிரியார் அவர்களுடைய ஏடுகளைக் குவித்துக் கொளுத்தினார். அதற்குப் பிறகும் மொழி இருக்கிறது, யுகாட்டனில் லட்சக்கணக்கானவர்கள் இன்றைக்கும் வீட்டில் மாயர்களின் மொழி பேசுகிறார்கள். அந்த அம்மா விற்றுக்கொண்டிருந்தது அவருடைய முன்னோர்கள் கட்டிய நகரத்தின் நிழலில். கேமராவை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு முதலில் பேசுங்கள். ஒரு துணி வாங்குங்கள். "தியோஸ் போதிக்" என்றால் அவர்கள் மொழியில் நன்றி. அப்புறம் கேளுங்கள், எடுக்கலாமா என்று. வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். எடுக்கச் சொன்னால், அந்த முகம் உங்களைப் பார்க்கும். உங்கள் இரண்டாயிரம் படங்களில் அப்படி ஒரு முகமும் இல்லை.

இனி ரிசார்ட். ஏசி அறையிலிருந்து கேமராவை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினால் லென்ஸ் முழுக்கப் பனி படரும். அந்தக் கடற்கரையில் என் முதல் விடியல் அப்படித்தான் போனது. துடைக்கத் துடைக்கப் படர்ந்தது, சூரியன் கடலுக்கு மேலே ஒரு சாண் ஏறிய பிறகுதான் கண்ணாடி தெளிந்தது. அன்றைக்கு மேகம் இருந்த நிறம் மறுநாள் இல்லை. ராத்திரியே கேமராவைப் பையோடு பால்கனியில், நனையாத இடத்தில் வைத்துவிடுங்கள். கோடையில் சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசி கரையெல்லாம் ஒதுங்கிக் கிடக்கலாம், மனம் உடைந்துவிடாதீர்கள். அது ஒதுங்கிய கரையையும் எடுங்கள், அதிகாலையில் வாரி அள்ளும் தொழிலாளர்களைக் கேட்டுவிட்டு எடுங்கள். அந்தக் கடற்கரையின் இன்றைய நிலை அது. பிற்பகலில் மழை வரும். மழைக்கு முந்திய அரை மணி நேரத்தில் கடல் பச்சையாகவும் வானம் கருநீலமாகவும் இருக்கும், நீச்சல்குளத்திலிருந்து எல்லோரும் உள்ளே ஓடும்போது நீங்கள் மட்டும் வெளியே வாருங்கள்.

ஆமைக்குஞ்சுகளுக்கு மட்டும் வேறு விதி. அங்கே வெளிச்சமே ஆகாது. முட்டையிலிருந்து வந்த குஞ்சு வெளிச்சமான பக்கத்தைப் பார்த்துத்தான் கடல் எது என்று தெரிந்துகொள்கிறது. இரவில் நட்சத்திரத்தையும் நிலவையும் காட்டும் தண்ணீர்தான் அதற்கு வழிகாட்டி. ஒரு ஃப்ளாஷ், ஒரு ஃபோன் திரை போதும், அது ரிசார்ட் பக்கம் திரும்பிவிடும். அதனால் கேமராவை அறையிலேயே வைத்துவிட்டுப் போங்கள். மகளை மணலில் உட்கார வைத்து, கண் இருட்டுக்குப் பழகும் வரை பேசாமல் இருக்கச் சொல்லுங்கள். அவளுக்கு அது நினைவிருக்கும்.

கடைசியாக, நீங்கள் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் எட்டாவதாக வைத்திருந்த படம். துலும் சுவர் ஓரத்தில் உங்கள் மகள் மண்டியிட்டிருக்கிறாள், இரண்டடி தள்ளிக் கல்மேல் ஒரு இகுவானா, பெரிய ஓணான் மாதிரி. காலை நேரம், உடம்பு சூடேறாமல் அது அசையாமல் இருக்கிறது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். வெயில் பக்கவாட்டில் வருகிறது, அதன் முதுகு முட்களும் இவள் முழங்காலில் ஒட்டிய மணலும் தெரிகின்றன. நீங்களும் அவசரத்தில் குனிந்து எடுத்திருப்பீர்கள் போல, கேமரா அவள் கண் உயரத்தில் இருக்கிறது. ஒன்றும் மனதில் நிற்கவில்லை என்று எழுதியிருந்தீர்களே, நான் இந்தப் படத்தைத்தான் நாலைந்து முறை திரும்பப் பார்த்தேன். அதை அச்சுப் போட்டு அவள் அறையில் மாட்டுங்கள். ஜூலையில் தினமும் கொஞ்ச நேரம் கேமராவை அவளிடம் கொடுங்கள். அவள் எடுப்பதில் இரண்டு மூன்று எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா