லாரி ஹோம்ஸின் இடதுகை

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் முகமது அலி பற்றி எழுதும்போது, குத்துச்சண்டை சாம்பியன் லாரி ஹோம்ஸை ‘அலிக்குப் பக்கத்தில் நாற்காலி போடத் தகுந்தவர்’ என்று போகிறபோக்கில் சொல்லியிருந்தீர்கள். அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் 1980இல் சென்னை நேரு ஸ்டேடியத்தில் அலியும் ஜிம்மி எல்லிஸும் ஆடிய காட்சிப் போட்டியை நேரில் பார்த்தவர். “வயசான மனுஷனை அடிச்சவன்லாம் சாம்பியனா?” என்றார். எனக்கும் சந்தேகம்தான். ராக்கி மார்சியானோ 49 போட்டிகளில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. ஹோம்ஸ் 48 வென்று அடுத்ததில் சறுக்கிவிட்டார். பிறகு மைக் டைசன் அவரை நாலே ரவுண்டில் சாய்த்துவிட்டார். யூடியூபில் பார்த்தால் ஜாப் (முன்னால் நிற்கும் இடது கையால் நேராகப் போடும் குத்து), ஜாப், மறுபடி ஜாப். சலிப்பாக இருக்கிறது. ஆறு மாதமாக பாக்ஸிங் வகுப்புக்குப் போகிறேன். அங்கேயும் மாஸ்டர் அதையேதான் போடச் சொல்கிறார். உச்சத்தில் இருந்த அலியோடு மோதியிருந்தால் ஹோம்ஸ் வென்றிருப்பாரா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முதலில் அப்பாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர் கோபம் நியாயமானது. அவர் அலியைப் பார்த்த அதே வருடம், அக்டோபர் 2ஆம் தேதி, லாஸ் வேகாஸில் ஹோம்ஸ் அலியைப் பத்து ரவுண்டு அடித்தார். நடுவர்கள் மூவரில் ஒருவர்கூட ஒரு ரவுண்டைக்கூட அலிக்குக் கொடுக்கவில்லை. பதினோராவது ரவுண்டுக்கு அனுப்ப மாட்டேன் என்று அலியின் பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டி நிறுத்தினார். 38 வயது, தைராய்டு மாத்திரை சாப்பிட்டு வற்றிய உடம்பு. நேரு ஸ்டேடியத்தில் கைதட்டியவர்களுக்கு அதைக் கேட்கவே பொறுத்திருக்காது. ஹோம்ஸுக்கும் பொறுக்கவில்லை, அழுதுவிட்டார். அலியின் பயிற்சி முகாமில் அவரோடு மோதிப் பழகியே தொழில் கற்றவர் அவர்.

ஆனால் அப்பாவின் அளவுகோலை எல்லோருக்கும் ஒரே மாதிரி பிடிக்க வேண்டும். 1988 ஜனவரியில் டைசன் சாய்த்த ஹோம்ஸுக்கு என்ன வயது? அதே 38. அதற்கு முந்தைய இருபத்தொரு மாதங்கள் அவர் ரிங்கிலேயே ஏறவில்லை. 1951இல் மார்சியானோ கயிற்றுக்கு வெளியே தள்ளிய ஜோ லூயிஸுக்கு 37. கிழவனை அடித்தது கணக்கில் வராது என்றால் அங்கேயும் வரக் கூடாது. 49, 48 என்கிற எண்களைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை. அது பள்ளிக்கூட மார்க் ஷீட் வியாதி. 1985இல் மைக்கேல் ஸ்பிங்க்ஸிடம் தோற்ற இரவில் மார்சியானோவைப் பற்றி வாய்க்கொழுப்பாகப் பேசி ஹோம்ஸ் தன் மரியாதையைத் தானே கெடுத்துக்கொண்டார், உண்மைதான். வாய்க்கு யாரும் பட்டம் கொடுப்பதில்லை, பறிப்பதுமில்லை.

எனக்குக் கோபம் உங்கள் மேல்தான். ஆறு மாதம் ஜாப் போட்டுவிட்டு ‘சலிப்பு’ என்று எழுத எப்படி மனம் வந்தது? நீங்கள் பார்த்திருப்பது ஐந்து நிமிடத் தொகுப்புகள். அதில் விழுகிறவர்கள் மட்டும்தான் இருப்பார்கள். அவர்களை விழ வைத்த நூற்றுக்கணக்கான இடதுகைகளை வெட்டி எறிந்திருப்பார்கள். சாம்பாரில் மிதக்கும் முருங்கைக்காயை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டுச் சமையலைக் குறை சொல்வது போல இருக்கிறது.

ஜாப் கையால் போடும் குத்து என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் போலிருக்கிறது. அது காலில் தொடங்குகிறது. பின்னாலிருக்கும் வலது பாதத்தின் முன்பகுதி தரையை உந்த வேண்டும். இடது பாதம் தரையை உரசியபடி நாலு விரற்கடை முன்னே போக வேண்டும். பாதம் ஊன்றுவதும் முஷ்டி படுவதும் ஒரே நேரம். பாதம் முதலில் ஊன்றிவிட்டால் உடம்பின் எடை தரைக்குப் போய்விடும், எதிராளிக்கு வெறும் கை மட்டும்தான் போய்ச் சேரும். முழங்கை கீழ்நோக்கியே இருக்க வேண்டும். பக்கவாட்டில் கோழி இறக்கை மாதிரி விரிந்தால், குத்து வருகிறது என்று எதிராளிக்குக் கடுதாசி போட்ட மாதிரி. கடைசிக் கால் பங்கு தூரத்தில்தான் முஷ்டி திரும்பி உள்ளங்கை தரையைப் பார்க்கும். தோள் உயர்ந்து தாடையை மூடும். வலது கை கன்னத்தை விட்டு அசையவே கூடாது. அப்புறம் போன வழியிலேயே கை திரும்பி வர வேண்டும். பெரும்பாலோருக்குக் கெடுவது இங்கேதான். நேராகப் போன கை, வரும்போது இடுப்பை நோக்கிச் சரியும். அந்த அரை வினாடிக்காகவே எதிராளி வலது கையை வைத்துக்கொண்டு காத்திருப்பான்.

தொங்கும் பயிற்சி மூட்டையில் அடிக்கும்போது கவனியுங்கள். மூட்டை ஊஞ்சல் மாதிரி தூரப் போனால் நீங்கள் தள்ளுகிறீர்கள். இருந்த இடத்திலேயே உதறி, ‘பட்’டென்று சத்தம் வந்தால்தான் அடி. முழங்கை விரிகிறதா என்று பார்க்க இடது தோள் பக்கம் சுவர் இருக்கும்படி ஒட்டி நின்று போடுங்கள். விரிந்தால் சுவரே சொல்லிக் கொடுக்கும். இரட்டை ஜாப் போடும்போது முதல் கையை முழுதாக இழுக்காதீர்கள், பாதி வந்ததும் மறுபடி அனுப்புங்கள். ஆனால் இரண்டாவதற்கும் கால் நகர வேண்டும். நகராமல் இடுப்பை வளைத்து எட்டினால் முகம் முன் முழங்காலுக்கு மேலே தொங்கும். கீழிருந்து மேலே வரும் அப்பர்கட் குத்துக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது.

ஹோம்ஸ் இதையெல்லாம் செய்தார், ஒன்றைத் தவிர. இடது கையைத் தாழ்த்தியே வைத்திருந்தார். கீழிருந்து கிளம்பும் கை கண்ணின் பார்வைக்கோட்டுக்கு அடியிலேயே வருவதால் எதிராளிக்குத் தாமதமாகத்தான் தெரியும். ஒன்றைத் தொடுவதற்காகப் போடுவார், அடுத்ததை அழுத்துவார், மூன்றாவதைப் போடுகிற மாதிரி காட்டி வலது கையை விடுவார். எல்லாம் ஒரே மாதிரித்தான் கிளம்பும். கை நீளம்தான் காரணம் என்பார்கள். 1982இல் மோதிய ஜெர்ரி கூனி கிட்டத்தட்ட ஆறரை அடி உயரம், ஹோம்ஸைவிட உயரமானவர். பதின்மூன்றாவது ரவுண்டில் கூனியின் பயிற்சியாளரே உள்ளே வந்து நிறுத்தவேண்டியதாயிற்று.

தாழ்ந்த கைக்கு விலையும் உண்டு. 1979 செப்டம்பரில் எர்னி ஷேவர்ஸ், ஏழாவது ரவுண்டு: தாழ்ந்திருந்த இடது கைக்கு மேலாக வலது கை வளைந்து வந்து இறங்கியது. ஹோம்ஸ் மல்லாந்து விழுந்தார். அந்தக் காலத்து ஹெவிவெயிட்களில் ஷேவர்ஸைவிடக் கனமாக அடிப்பவர் யாருமில்லை என்று அடிவாங்கியவர்களே சொன்னார்கள். ஹோம்ஸ் எழுந்தார், பதினோராவது ரவுண்டில் ஷேவர்ஸை நடுவர் காப்பாற்ற வேண்டியிருந்தது. 1981இல் ரெனால்டோ ஸ்னைப்ஸ், மறுபடி ஏழாவது ரவுண்டு, மறுபடி வலது கை, மறுபடி எழுந்தார். டைசனிடமும் அதே கதவுதான் திறந்துகிடந்தது. நாலாவது ரவுண்டில் கால்களை ஆடவிட்டு ஜாப் போட ஆரம்பித்த வேளையில் டைசனின் வலது கை மேலே வந்தது. ஆனால் முப்பதையொட்டிய வயதில் எழ வைத்த கால் 38இல் எழ வைக்காது. 75 போட்டிகளில் அவரை முடித்துவைத்தது அந்த ஒன்றுதான்.

யாரை வென்றார் என்று அப்பா கேட்டால் கென் நார்ட்டனைச் சொல்லுங்கள். 1973இல் அலியின் தாடையை உடைத்தவர். பயிற்சியாளர் எடி ஃபட்ச் அன்று நார்ட்டனுக்குக் கொடுத்த உபாயம் எளிமையானது: அலி ஜாப் போடும்போது அவருடைய வலது கை இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது, அதே நேரத்தில் நீயும் ஜாப் போடு. ஹோம்ஸிடம் அந்த உபாயம் செல்லாது. அவர் வலது கை கன்னத்தருகே குத்தைத் தட்டிவிடத் தயாராக நிற்கும். 1978 ஜூன் 9 அன்று, பயிற்சியில் காயம்பட்ட அந்த இடது கையோடுதான் ரிங்கில் ஏறினார். முதல் ரவுண்டுகள் ஹோம்ஸுக்கு, பிறகு நார்ட்டன் நெருக்கி வந்தார், பதினைந்தாவதில் இருவரும் மிச்சமிருந்ததையெல்லாம் கொட்டினார்கள். மூன்று நடுவர்களும் 143–142 என்றே எழுதினார்கள். இருவர் ஹோம்ஸுக்கு, ஒருவர் நார்ட்டனுக்கு. அங்கே கிடைத்த பட்டத்தைத் தொடர்ச்சியாக 20 முறை காத்தார். ஹெவிவெயிட்டில் ஜோ லூயிஸின் 25 மட்டும்தான் அதற்கு மேலே.

இன்னொன்று. 1992 பிப்ரவரியில் ரே மெர்சருக்கு எதிராக இறங்கியபோது அவருக்கு வயது 42. மெர்சர் சியோல் ஒலிம்பிக் தங்கம், தோல்வியே காணாதவர். ஓட முடியாத ஹோம்ஸ் ரிங்கின் மூலையில் சாய்ந்துகொண்டு, வலது கையால் தடுத்து, இடது கையால் குத்தி, மூன்று நடுவர்களின் தீர்ப்பையும் வாங்கிக்கொண்டு போனார். கால் போன பிறகும் ஜாப் எப்படிப் பிழைக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. டைசன் கிளிப்புக்கு முன்னால் நீங்கள் பார்த்திருக்க வேண்டியது இதைத்தான்.

உச்சத்து அலியா, ஹோம்ஸா? 1966இல் கிளீவ்லண்ட் வில்லியம்ஸை மூன்றே ரவுண்டில் முடித்த அலியின் கால்களை எந்த ஜாப்பும் துரத்திப் பிடித்திருக்காது என்றே நினைக்கிறேன். 1974க்குப் பிறகு கயிற்றில் சாய ஆரம்பித்த அலி என்றால் என் பணம் ஹோம்ஸ் மேல். இதற்கு மேல் அந்தக் கேள்வியில் பேச ஒன்றுமில்லை.

நார்ட்டனுடனான பதினைந்தாவது ரவுண்டை அப்பாவோடு உட்கார்ந்து பாருங்கள். வர்ணனையை அணைத்துவிடுங்கள். முதல் முறை ஹோம்ஸின் முஷ்டியைப் பார்க்க வேண்டாம், இடது பாதத்தைப் பாருங்கள். அப்பா முடிவில் “அலிதான்” என்பார், சொல்லட்டும், அவர் நேரில் பார்த்தவர். மறுநாள் வகுப்பில் சுவர் ஓரமாகப் போய் நில்லுங்கள். மாஸ்டர் கேட்காமலே மூன்று ரவுண்டு, இடது கை மட்டும்.