முட்டை எண்ணுகிற கொப்பி

அண்ணா,

இரண்டு வருடத்துக்கு முன் கனடாவிலிருந்து யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலுக்குத் திரும்பி வந்தோம். 9 வயது மகனைப் பள்ளிக்கு அனுப்பவில்லை, வீட்டிலேயே படிப்பிக்கிறோம். முதல் வருடம் நேரசூசி போட்டு நடத்தினேன், தினமும் அழுகைதான். இப்போது ஆறு மாதமாக அன்ஸ்கூலிங். பாடம் இல்லை, அவன் போக்கில் விட்டிருக்கிறேன். நாள் முழுக்கக் கோழிக்கூட்டில் நிற்கிறான். அவன் செய்வதை ஒரு கொப்பியில் பாடவாரியாக எழுதி வைக்கிறேன். முட்டை எண்ணினால் கணிதம், கூடு திருத்தினால் தொழில்நுட்பம். நேற்று முட்டையை எண்ணிவிட்டு ஓடிவந்து, "அம்மா, எழுதீட்டீங்களோ?" என்று கேட்டான். சந்தோஷமாக இருந்தது. ஆனால் வாசிப்பு இன்னும் தட்டுத்தடுமாறித்தான். பனங்கிழங்குக்குப் பனம்பாத்தி போட்டுக்கொண்டே மாமி "பிள்ளையை நாசமாக்கிறாய்" என்று பேசுகிறா. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை, சட்டம் எல்லாம் நினைத்தால் நித்திரை இல்லை. நான் செய்வது சரியா?

ஒரு அம்மா, கோண்டாவில்

அன்புள்ள தங்கச்சிக்கு,

இலங்கையில் 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். ஒளித்துக்கொண்டிருக்காமல் வலயக் கல்விப் பணிமனைக்குப் போய் நேரே பேசுங்கள். புலமைப்பரிசிலை விடுங்கள். பத்து வயதுப் பிள்ளையை விடியப்புறம் எழுப்பி ரியூசனுக்கு ஏற்றுகிற அந்தப் பரீட்சையைப் பற்றி எனக்குப் பேசப் பிடிக்கவில்லை. பதினொராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சைக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றலாம், அதற்குக் காலம் கிடக்கிறது. வாசிப்புக்கு முதலில் அவன் கண்ணை வைத்தியரிடம் காட்டுங்கள். கண்ணில் குறையில்லை என்றால் இரவில் நீங்களே வாசியுங்கள், அவன் பக்கத்தில் படுத்துக்கிடந்து கேட்கட்டும்.

சரி, அந்த "எழுதீட்டீங்களோ"வுக்கு வருகிறேன். அதைக் கேட்டு நீங்கள் சந்தோஷப்பட்டீர்கள். எனக்கு வயிறு கலங்கியது.

அன்ஸ்கூலிங் என்ற சொல்லைப் பரப்பிய அமெரிக்கர் ஜோன் ஹோல்ட். 1977இல் இதற்காகவே ஒரு சிறு பத்திரிகை தொடங்கினார். அதற்கு முன் வகுப்பறையில் பல வருடம் படிப்பித்தவர். அங்கே அவர் கண்டது இதுதான்: பிள்ளைகள் கணக்கைப் பார்ப்பதில்லை, ஆசிரியரின் முகத்தைப் பார்க்கிறார்கள். புருவம் ஏறுகிறதா, தலை அசைகிறதா என்று பார்த்தே விடையைப் பிடித்துவிடுகிறார்கள். இதிலிருந்து பிள்ளையைக் காப்பாற்றத்தான் அவர் பள்ளிக்கூடமே வேண்டாம் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார். உங்கள் மகன் என்ன செய்கிறான்? முட்டையைப் பார்க்கவில்லை, கொப்பியைப் பார்க்கிறான். நேரசூசியைக் கிழித்தீர்கள், மணியை நிறுத்தினீர்கள், ஆனால் பரீட்சை மேற்பார்வையாளரைக் கோழிக்கூட்டு வாசலிலேயே இருத்தியிருக்கிறீர்கள். பள்ளிப் பிள்ளைக்காவது பள்ளி விடும்போது மணி அடிக்கும். உங்கள் பிள்ளைக்கு எப்போது மணி அடிக்கும், தங்கச்சி?

எனக்கும் ஒருகாலம் பள்ளி இல்லாமல் போனது. 1995 ஒக்டோபர் 30, எனக்கு வயது 10. இராணுவம் நெருங்கிவர, யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்துச் சனம் முழுவதும் ஒரே இரவில் மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தது. நாங்கள் மீசாலையில் ஒரு வீட்டு விறாந்தையில் ஒதுங்கினோம். பாலத்துக்கு இந்தப் பக்கத் தென்மராட்சிப் பள்ளிக்கூடங்களுக்குள் எல்லாம் இடம்பெயர்ந்த சனம். எங்கே படிக்கிறது? அடுத்த சித்திரை வரை நான் ஒரு சைக்கிள் கடையிலேயே கிடந்தேன். கடைக்கார ஐயா ஒன்றும் படிப்பிக்கவில்லை. "அதை எடு, இதைப் பிடி", அவ்வளவுதான் பேச்சு.

பொருளாதாரத் தடை, பற்றரி கிடையாது. இரவானால் கடை வாசலில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவில் றேடியோவைக் கொழுவி, பெடலைக் கையால் சுற்றிச் செய்தி கேட்பார்கள். ஒருநாள் ஐயாவுக்குக் கை உளைய, "நீ சுத்தடா" என்றார். மெதுவாகச் சுற்றினால் செய்தியாளரின் குரல் கரகரத்துச் செத்துவிடும். வேகமாகச் சுற்றினால் றேடியோ கருகிவிடும் என்று சொல்லிவைத்திருந்தார். பதினைந்து இருபது பேர் சுற்றிவர நிற்கிறார்கள். சிலருடைய பிள்ளைகள் பாலத்துக்கு அந்தப் பக்கம். அத்தனை பேருடைய காதும் என் கையில். ஆனால் ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை, றேடியோவைத்தான் பார்த்தார்கள். கை ஒரே சீராக ஓடப் பழகியது அப்படித்தான். அப்புறம் இடையில் வயரோடு பற்றவைத்திருந்த நாலு டயோட் எதற்கென்று நானாகக் கேட்டேன். டைனமோவில் வருவது ஆடலோட்டம், றேடியோவுக்கு வேண்டியது நேரோட்டம் என்று ஒரே வசனத்தில் சொன்னார். பின்னாளில் உயர்தர பௌதிகவியலில் அதே சுற்றுப் படத்தைப் பார்த்தபோது எனக்கு மண்ணெண்ணெய் மணம்தான் வந்தது.

அந்தக் காலம் நல்ல காலம் என்று நான் சொல்லவரவில்லை. என் ஆச்சி அந்த விறாந்தையில்தான் போய்ச் சேர்ந்தா. ஊர் திரும்பிப் பள்ளி திறந்த அன்று முதல் ஆளாய் ஓடியவனும் நான்தான். அதனால் பள்ளி கூடாது என்று என்னிடம் வாதாட வேண்டாம், அந்தச் சண்டையில் எனக்கு அக்கறை இல்லை. உங்கள் மகனுடைய ஒரு நாளில் யாருக்காவது அவனுடைய கை தேவைப்படுகிறதா? அதைத்தான் கேட்கிறேன். முட்டையை அவன் எண்ணாவிட்டால் யாருக்கு நட்டம்? நீங்கள் எழுதத்தான் போகிறீர்கள். அதே முட்டையைச் சந்திக்கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துக் காசு வாங்கிவரச் சொல்லுங்கள். இரண்டு குறைந்தால் கடைக்காரர் கேட்பார். அந்தக் கணக்கை எழுதிவைக்கக் கொப்பி தேவையில்லை.

மாமியிடம் கோபப்படாதீர்கள். கோண்டாவில் வீட்டில் இன்னும் பனம்பாத்தி போடுகிற ஒரு மனுஷி இருக்கிறா, நீங்களோ பிள்ளைக்கு என்ன கற்பிப்பது என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்! மண்ணைக் கூட்டிப் பாத்தி கட்டுவது, கொட்டையை நெருக்கி அடுக்குவது, மழைத் தண்ணீர் தேங்காமல் பார்ப்பது, தை மாசியில் கிழங்கு முறியாமல் கிண்டுவது, அவித்துக் காயவைத்துப் புழுக்கொடியல் ஆக்குவது, பச்சையாகக் கிழித்துக் காயவைத்து ஒடியல் மாவாக இடிப்பது எல்லாம் அவவுக்குத் தெரியும். குனிந்து கிண்ட அவவின் இடுப்பு இனி விடாது. அவவுக்கு ஒரு பொடியன் வேண்டும். நாளைக் காலையில், "மாமி, இவனை உங்களோடு வைத்திருங்கோ" என்று சொல்லிப் பாருங்கள். நாசமாக்கிறாய் என்று கத்துகிறவ அவனில் அக்கறை உள்ளபடியால்தான் கத்துகிறா. பேசுவா, ஏசுவா, குட்டும் வைப்பா. அவன் தாங்குவான்.

அவன் கிழங்கு கிண்டும்போது நீங்கள் அந்தப் பக்கம் போகாதீர்கள்.