‘முழு கன்ட்ரோலர் ஆதரவு’ என்றால் ஒரு கையால் விளையாட முடியுமா?

கேள்வி: பக்கவாதத்துக்குப் பிறகு என் இடது கையில் வலு இல்லை. கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் ‘முழு கன்ட்ரோலர் ஆதரவு’ என்று இருந்ததை நம்பி ஒரு கேம் வாங்கினேன். அதில் பட்டன்களை மாற்றவே முடியவில்லை. குறிபார்க்க, கன்ட்ரோலரின் முன்விளிம்பில் இருக்கும் இடது ட்ரிகர் பட்டனை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான கன்ட்ரோலர் வாங்கினால் சரியாகுமா?

பதில்: கன்ட்ரோலர் வாங்குவதற்கு முன் கேம் வாங்கிய தேதியைப் பாருங்கள். வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் ஸ்டீமில் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். மெனுவில் கழியும் நேரமும் அந்தக் கணக்கில் சேரும் என்பதால் கேமைத் திறந்தபடி விட்டுவிடாதீர்கள்.

நீங்கள் நம்பிய அந்தக் குறிப்புக்கு, கீபோர்டையும் மவுஸையும் தொடாமல் ஆடலாம் என்பது மட்டும்தான் பொருள். ஒரு கையால் ஆட முடியுமா என்பதை அது சொல்லாது. சொல்ல வேண்டும் என்பதுதான் என் எண்ணம். காசு கொடுப்பவருக்கு அதைத் தெரிந்துகொள்ள உரிமை உண்டு. 2025 முதல் ஸ்டீம் பக்கங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் அணுகல் வசதிகளைத் தனியாகக் குறிப்பிட இடம் இருக்கிறது. ஆனால் அதை நிரப்புவது கேம் தயாரித்தவர்கள். நிரப்பாமல் விட்டவர்களும் உண்டு. அதனால் வாங்குமுன் அந்த கேமின் செட்டிங்ஸ் மெனுவைக் காட்டும் வீடியோவைத் தேடிப் பாருங்கள். பட்டன்களை மாற்றலாமா, அழுத்திப் பிடிப்பதற்குப் பதில் ஒரு தட்டு போதுமா, பட்டனை வேகமாகத் தட்டச் சொல்லும் கட்டங்களை நிறுத்திவைக்கலாமா என்று கவனியுங்கள்.

இப்போது கையில் இருக்கும் கேமுக்கும் வழி இருக்கிறது. கேமுக்குள் மாற்ற முடியாததை, ஸ்டீமிலேயே இருக்கும் ‘ஸ்டீம் இன்புட்’ என்ற பட்டன் மாற்றும் வசதி வழியாக மாற்றலாம். இடது ட்ரிகரின் வேலையை வலப்பக்க பட்டன் ஒன்றுக்குக் கொடுத்து, ‘டாகிள்’ என்பதை இயக்குங்கள். ஒரு முறை தட்டினால் குறிபார்க்கும், மறுபடி தட்டினால் விடும். திரையில் மட்டும் பழைய பட்டனின் படமே வரும். முதல் சில நாள் குழப்பும், அப்புறம் பழகிவிடும்.

நீங்கள் கேட்ட மாற்றுத்திறனாளிகளுக்கான கன்ட்ரோலர்களில் ஒன்றான, 2018-இல் வந்த எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலர் விண்டோஸ் கணினியிலும் வேலை செய்யும். இரண்டு பெரிய பட்டன்கள், வெளி ஸ்விட்சுகளுக்கு 19 துளைகள், 2 யூஎஸ்பி போர்ட்டுகள் என்று நல்ல கருவிதான். ஆனால் அது அடித்தளம் மட்டுமே. ஸ்விட்சுகளையும் ஜாய்ஸ்டிக்கையும் தனியாக வாங்க வேண்டும். செலவு அங்கேதான் ஏறும். வலது கை நன்றாக இயங்கும் உங்களுக்கு அது முதல் தேவை இல்லை.

பட்டன்களை மாற்றிய பிறகும் ஒரு பட்டன் குறைகிறது என்றால் யூஎஸ்பி கால் பெடலை யோசிக்கலாம். கணினி அதைப் பெரும்பாலும் கீபோர்டாகவே எடுத்துக்கொள்ளும். சில கேம்கள் கீபோர்டையும் கேம்பேடையும் (கையில் பிடிக்கும் வழக்கமான கன்ட்ரோலர்) ஒரே நேரத்தில் ஏற்பதில்லை. எனவே பெடல் வாங்குமுன் ஒரு சோதனை: கேம்பேடில் நகர்ந்துகொண்டே, பக்கத்தில் ஒருவரைக் கீபோர்டில் ஒரு விசையை அழுத்தச் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்து வேலை செய்தால் மட்டும் பெடலை வாங்குங்கள்.