எரிசக்தி மானியத்தை நகர நிர்வாகமே கடனாகக் கொடுக்கலாமா?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வசிக்கும் வாசகர் ஒருவர், தம் நகர நிர்வாகத்துக்கு ஆலோசனை சொல்லும் தன்னார்வக் குழுவில் உறுப்பினராக இருக்கிறார். மத்திய எரிசக்தித் துறையின் தொகுப்பு மானியமாக 1,80,000 டாலர் கிடைக்கவிருப்பதாகவும், பழைய வீடுகளுக்கு இன்சுலேஷன் (வெப்பம் வெளியேறாமல் தடுக்கும் அடுக்கு) போடவும் வீட்டைச் சூடாக்கும் பழுதான பர்னஸை மாற்றவும் அதை மக்களுக்குக் கடனாகக் கொடுக்கலாமா, அதற்குச் சட்டம் இடம் தருமா என்றும் கேட்டிருக்கிறார்.

சட்டம் இடம் தருகிறது. இந்த மானியத் திட்டம் 2007ஆம் ஆண்டின் எரிசக்திச் சட்டத்தில் உருவானது. 2009ஆம் ஆண்டுப் பொருளாதார மீட்புச் சட்டம் இதற்கு 320 கோடி டாலர் ஒதுக்கியது. நீண்ட இடைவெளிக்குப் பின் 2021ஆம் ஆண்டு உள்கட்டமைப்புச் சட்டம் 55 கோடி டாலர் ஒதுக்கியது. ஒரு நகரம் தன் மானியத்தில் 20 சதவீதம் அல்லது 2,50,000 டாலர், இவற்றில் எது அதிகமோ அதுவரை சுழல் நிதி (திரும்பி வரும் தவணைகளையே மீண்டும் கடனாகக் கொடுக்கும் நிதி) அமைக்கப் பயன்படுத்தலாம். பலர் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு, தங்களுக்கு 36,000 டாலர்தான் கடனுக்குக் கிடைக்கும் என்று சோர்ந்துவிடுகிறார்கள். உங்கள் மானியம் 2,50,000 டாலருக்குக் குறைவாக இருப்பதால், இந்த உச்சவரம்பு உங்களைக் கட்டுப்படுத்தவே இல்லை; முழுத் தொகையையும் சுழல் நிதியில் போடலாம். ஆனாலும், நகரமே நேரடியாகக் கடன் கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கணக்கைப் பாருங்கள். வீட்டுக்கு 10,000 டாலர் என்று வைத்தால் 18 வீடுகளோடு பணம் தீர்ந்துவிடும். பத்தாண்டுத் தவணையில் அசல் சராசரியாக ஆண்டுக்கு 18,000 டாலர்தான் திரும்பும் என்பதால், அதற்குப் பிறகு ஆண்டுக்கு இரண்டு கடன்கூடக் கொடுக்க முடியாது. ஒரு நகரத்தின் தேவைக்கு இது யானைப் பசிக்குச் சோளப்பொரி. இந்த 18 கடன்களுக்காக விண்ணப்பதாரரின் கடன் தகுதியைப் பார்ப்பது, நுகர்வோர் கடன் சட்டங்கள் கேட்கும் அறிவிப்புகளைத் தருவது, தவணை தவறியவர்களைத் துரத்துவது ஆகிய வேலைகள் எல்லாம் நகர அலுவலகத்தின் தலையில் விழும். அதிலும் கடைசி வேலையை, தேர்தலில் வாக்குக் கேட்க வேண்டிய எந்த நிர்வாகமும் மனமுவந்து செய்யாது.

இதற்கு மாற்றாகப் பல இடங்களில் கையாளப்படுவது கடன் இழப்புக் காப்பு நிதி. கடனை உள்ளூர் கிரெடிட் யூனியன் (உறுப்பினர்களுக்குச் சொந்தமான கூட்டுறவுக் கடன் சங்கம்) தன் பணத்திலிருந்து கொடுக்கும். மானியப் பணம் தனிக் கணக்கில் இருந்து, வாராக் கடனில் ஒரு பகுதியை மட்டும் ஈடுகட்டும். காப்பு விகிதம், அதாவது மொத்தக் கடனில் காப்பாக ஒதுக்கும் பங்கு, 5 சதவீதம் என்று ஒப்பந்தமானால் உங்கள் 1,80,000 டாலர் 36 லட்சம் டாலர் கடனுக்குத் துணை நிற்கும். அதாவது 360 வீடுகள். இந்த எண்ணைப் பார்த்து மயங்கிவிடவும் கூடாது. காப்பு நிதி, கடன் கொடுப்பவரின் தயக்கத்தைப் போக்குமே தவிர, கடன் வாங்குபவரை வாசலுக்கு அழைத்து வராது. உங்கள் மாநிலத்தில், பொதுச் சேவை ஆணையத்தின் மானியத்தில் 2009இல் தொடங்கிய ‘மிச்சிகன் சேவ்ஸ்’ என்னும் லாபநோக்கற்ற அமைப்பு இதே முறையில் கிரெடிட் யூனியன்களுக்குக் காப்பு அளித்து வருகிறது. ஆகவே நீங்கள் இன்னொரு காப்பு நிதியைப் புதிதாக நிறுவினால், அது தொடப்படாமல் கணக்கில் தூங்கக்கூடும். முதலில் அவர்களோடு பேசி, உங்கள் நகரத்தில் விண்ணப்பங்கள் எந்தக் காரணத்தால் நிராகரிக்கப்படுகின்றன, அல்லது விண்ணப்பங்களே வரவில்லையா என்பதைக் கேட்டறியுங்கள்.

கடன் தகுதி மதிப்பெண் குறைவு என்பதால் நிராகரிப்பு நிகழ்கிறது என்றால், அந்தப் பிரிவினருக்கு மட்டும் 10 அல்லது 15 சதவீதக் காப்பு அளிக்க முன்வருவது நல்ல பயன்பாடு. வட்டிதான் தடை என்றால் வட்டி மானியம் கொடுக்கலாம். 10,000 டாலர் பத்தாண்டுக் கடனின் வட்டியை 8 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாகக் குறைக்க, கடன் கொடுப்பவருக்கு முன்கூட்டியே ஏறத்தாழ 1,655 டாலர் தர வேண்டும்; மாதத் தவணை 121 டாலரிலிருந்து 101 டாலராகக் குறையும். இப்படி 108 வீடுகளுக்கு உதவலாம், ஆனால் அந்தப் பணம் திரும்பாது. மாதம் 20 டாலர் குறைகிறதே என்பதற்காக ஒருவர் மாடியில் இன்சுலேஷன் போட முடிவெடுப்பாரா என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

நேரடிக் கடனுக்கும் வட்டி மானியத்துக்கும் இடைப்பட்ட வழியை நெப்ராஸ்கா மாநிலம் 1990 முதல் பின்பற்றியது. எண்ணெய் நிறுவனங்கள் கூடுதலாக வசூலித்ததற்காக மாநிலங்களுக்குக் கிடைத்த இழப்பீட்டுத் தொகையைக் கொண்டு, வங்கி கொடுக்கும் ஒவ்வொரு கடனிலும் ஒரு பங்கை மாநிலம் வட்டியின்றி ஏற்றது. அதனால் கடனாளிக்குச் சராசரி வட்டி குறைந்தது, மாநிலத்தின் பங்கு தவணையோடு திரும்பி வந்தது. வங்கியோடு கூட்டுச் சேர முடிந்தால் உங்களுக்கும் இது பொருந்தும். சொத்து வரியோடு சேர்த்துக் கடனை வசூலிக்கும் முறையையும் சிலர் சொல்வார்கள். வீட்டின் அடமானக் கடனுக்கு முன்பே வசூலாகும் உரிமையை அது பெறுவதால், 2010இல் கூட்டாட்சி வீட்டுவசதி நிதி முகமை அதை எதிர்த்தது. வீடுகளைப் பொறுத்தவரை அந்தப் பக்கம் போக வேண்டாம்.

விண்ணப்பங்களே வரவில்லை என்றால் (சிறு நகரங்களில் பெரும்பாலும் இதுதான் நிலை) மானியத்தின் ஒரு பகுதியை வீட்டு எரிசக்தித் தணிக்கைக்குச் செலவிடுங்கள். சட்டம் இதைத் தனிச் செலவினமாகவே அனுமதிக்கிறது. எங்கே காற்று கசிகிறது, எதைச் சரிசெய்தால் எரிவாயுக் கட்டணம் எவ்வளவு குறையும், நம்பகமான ஒப்பந்ததாரர் யார் என்று சொல்ல ஒருவர் இருந்தால்தான் கடனுக்கே வேலை வரும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும், ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் சில கேள்விகளுக்கு மானிய அதிகாரியிடமிருந்து எழுத்துப்பூர்வமான பதில் வாங்கிக்கொள்ளுங்கள்: காப்பு நிதியில் போட்ட நாளிலேயே பணம் செலவானதாகக் கருதப்படுமா, கடன் வழங்கப்படும்போதுதானா, அரசுப் பணத்தில் நடக்கும் வேலைகளுக்குக் குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிக்கும் கூலி விகிதச் சட்டமும் பழைய வீடுகளுக்கான மரபுச் சின்ன ஆய்வும் இந்த வேலைகளுக்குப் பொருந்துமா, தவணையாகத் திரும்பும் பணத்தை மானியக் காலம் முடிந்த பிறகு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம். கிரெடிட் யூனியனுடனான ஒப்பந்தத்தில், ஒவ்வொரு இழப்பிலும் ஒரு சிறு பங்கை, உதாரணமாக 20 சதவீதத்தை, அவர்களும் சுமக்க வேண்டும் என்று எழுதுங்கள். அப்போதுதான் அவர்கள் கவனமாகக் கடன் கொடுப்பார்கள். கடன்கள் அடைய அடைய விடுபடும் காப்புத் தொகை யாரிடம் திரும்ப வேண்டும் என்பதையும் அதிலேயே குறிப்பிட்டுவிடுங்கள்.