பட்டா யார் பெயரில்?

வணக்கம்.

கிராமப் பெண்களும் விவசாயமும் குறித்த உங்கள் கட்டுரையில் பட்டாவைப் பற்றியே திரும்பத் திரும்பப் பேசுகிறீர்கள். எங்கள் ஊர் மகளிர் குழுவில் கடன் வாங்கி ஆடு வளர்க்கிறோம், மண்புழு உரம் தயாரிக்கிறோம். பிள்ளைகளின் படிப்புச் செலவை நாங்களே பார்த்துக்கொள்கிறோம். இது முன்னேற்றம் இல்லையா? குடும்ப நிலம் கணவர் பெயரில் இருந்தால் என்ன, என் பெயரில் இருந்தால் என்ன?

ஒரு வாசகி, மன்னார்குடி

அன்புள்ள சகோதரிக்கு,

முன்னேற்றம்தான். யாரிடமும் கைநீட்டாமல் பிள்ளையின் படிப்புக்குப் பணம் கட்ட முடிவது சின்ன விஷயமில்லை. ஆனால் உங்கள் கடைசிக் கேள்விக்கான விடை உங்கள் ஊர் நெல் கொள்முதல் நிலையத்திலேயே இருக்கிறது. நாற்றுப் பறித்ததும் நட்டதும் களையெடுத்ததும் பெண்கள். கொள்முதல் நிலையத்தில் கேட்பதோ நிலம் யாருடையது என்று காட்டும் சிட்டா, என்ன பயிர் என்று காட்டும் அடங்கல், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம். சிட்டா கணவர் பெயரில் இருந்தால் பணமும் அவர் கணக்குக்கே போகும். கூட்டுறவுச் சங்கத்துப் பயிர்க்கடனும், விவசாயிகளுக்கு மத்திய அரசு ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிஎம் கிசான் தொகையும் அப்படித்தான். கணவர் பொறுப்பானவராக இருக்கும்வரை இந்த வேறுபாடு உறைக்காது. அவர் குடியில் விழுந்தால், நிலம் அடமானத்துக்குப் போன செய்தி மனைவிக்குத்தான் கடைசியில் தெரியவரும்.

உங்கள் பக்கத்து மாவட்டத்திலேயே இதை உணர்ந்து செயல்பட்டவர் காந்தியவாதி கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன். 1968 டிசம்பர் 25 அன்று இன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் 44 தலித் மக்கள் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்ட பிறகு அவர் அந்தப் பகுதிக்கு வந்தார். 1981-ல் கணவருடன் சேர்ந்து உழுபவருக்கு நிலம் பெற்றுத் தரும் லாஃப்டி (LAFTI) அமைப்பைத் தொடங்கினார். நிலவுடைமையாளர்களிடம் பேசி நிலத்தை விலைக்கு வாங்கி, நிலமற்ற குடும்பங்களுக்கு ஏக்கர் ஏக்கராகப் பிரித்துக் கொடுத்தார். பத்திரம் பெண்ணின் பெயரில் பதிவானது. கூலிக்குக் குனிந்து நட்டவள், என்ன பயிர் வைப்பது, எப்போது விற்பது என்று முடிவெடுப்பவளாக ஆனாள். பத்திரத்தைப் பெண் பெயரில் எழுதிய அந்த ஒரு முடிவுக்காகவே கிருஷ்ணம்மாளை வணங்குகிறேன்.

இந்துக் குடும்பங்களில் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் செய்தது. மத்தியச் சட்டம் வந்தது 2005-ல். இருந்தும் சார்பதிவாளர் அலுவலகத்தில் என்ன நடக்கிறது? தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை உடன்பிறந்த ஆண்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறாள் மகள். பங்கு கேட்டால் பிறந்த வீட்டுப் படி ஏற முடியாது என்ற பயம். தாய்மாமன் சீருக்கும் பொங்கல் சீருக்கும் ஈடாக ஒரு வயலையே விட்டுக்கொடுப்பதை நான் பாசம் என்று சொல்லமாட்டேன்.

ஆட்டையும் உரத்தையும் விடவேண்டாம். கூடவே, அடுத்த குழுக் கூட்டத்தில் பட்டாவையும் பேசுங்கள். நிலமற்ற பட்டியலின, பழங்குடிப் பெண்கள் விவசாய நிலம் வாங்க, தமிழ்நாடு அரசின் நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டத்தில் பாதி விலை, அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய், மானியமாகக் கிடைக்கிறது. ஆதிதிராவிடர் வீட்டுவசதி, மேம்பாட்டுக் கழகமான தாட்கோவின் மாவட்ட அலுவலகத்தில் விசாரிக்கலாம். 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. உங்கள் வீட்டில் அடுத்து வாங்கும் நிலத்தையாவது உங்கள் பெயரில் எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்.