அசிட்டைல்கோலினுக்குத் தமனி வளையம் தளரவில்லை என்றால்

பெரும்பாலும் எண்டோதீலியம் (தமனியின் உட்புறச் செல் அடுக்கு) உரிந்து போயிருக்கும். எலியின் பெருந்தமனியிலிருந்து வெட்டிய வளையம், தமனியைச் சுருக்கும் மருந்தான ஃபீனைல்எஃப்ரினுக்கு நன்றாகச் சுருங்கியும் அசிட்டைல்கோலினுக்குத் தளரவே இல்லை என்கிறீர்களே, முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். அசிட்டைல்கோலின் எண்டோதீலியச் செல்லில் கால்சியத்தை ஏற்றி நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்க வைக்கிறது, அது தசைக்குள் போய், தசையைத் தளர்த்தும் சைக்ளிக் ஜிஎம்பி என்ற மூலக்கூறைக் கூட்டிய பிறகுதான் தமனி தளரும். எண்டோதீலியம் இல்லாவிட்டால் அசிட்டைல்கோலினுக்குத் தமனி தளராது என்பதை ஆய்வாளர் ஃபர்ச்காட் 1980-இல் முயல் தமனியில் காட்டினார். எண்டோதீலியம் ஒற்றைச் செல் அடுக்கு, வளையத்தை மாட்டும் கம்பியை நுழைக்கும்போது லேசாக உரசினாலே போய்விடும், அவ்வளவு மென்மை.

அதே வளையத்தில், எண்டோதீலியம் இல்லாமலே நைட்ரிக் ஆக்சைடு தரும் சோடியம் நைட்ரோபுருசைடு விட்டுப் பாருங்கள். தளர்ந்தால் தசை சரி. அப்புறம் புது வளையத்தை உட்புறம் தொடாமல் மாட்டுங்கள்.

ஆனால் உங்களுடையது உயர் ரத்த அழுத்த எலி என்றால், தளர்ச்சி குறைவது நோயின் விளைவாகவும் இருக்கலாம். சாதாரண எலியின் வளையத்தையும் பக்கத்திலேயே ஓட்டாமல் முடிவு எழுதிவிடாதீர்கள்.