மதியம் அணைந்துவிடும் பிரேக் விளக்கு

கம்பத்தில் 31 ஆண்டுகளாகக் கார் எலக்ட்ரிக்கல் பட்டறை நடத்துபவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறார்.

கேள்வி: வணக்கம் ஐயா. எனக்கு வண்டன்மேட்டில் இரண்டு ஏக்கர் ஏலத்தோட்டம் இருக்கிறது. ஆறு வருடமாக ஒரு பெட்ரோல் கார் ஓட்டுகிறேன். வண்டி நின்றால் தானாக எஞ்சின் அணைந்து, திரும்பத் தானாகக் கிளம்பும் வசதி உள்ள கார். மழைக்காலம் தொடங்கியதிலிருந்து காலையில் வண்டியை எடுத்தால் மஞ்சள் விளக்கு எரிந்து, பிரேக்கைச் சோதிக்கச் சொல்லி எழுத்து வருகிறது. எஞ்சின் தானாக அணைவதும் நின்றுபோனது. கம்பம்மெட்டு வழியாக இறங்கி, கம்பத்தில் வெயிலில் நிறுத்தி, மதியம் எடுத்தால் விளக்கே இல்லை. பிரேக் எப்போதும்போல் பிடிக்கிறது. ஒரு பட்டறையில் ஸ்கேனர் போட்டு 'பி 0557' என்று எழுதிக் கொடுத்தார்கள். பூஸ்டரை மாற்ற வேண்டும், 28 ஆயிரம் ரூபாய் ஆகும் என்கிறார்கள். வாரம் இருமுறை அம்மாவைச் சிகிச்சைக்காகத் தேனிக்கு அழைத்துப் போகிறேன். பயமாக இருக்கிறது. மாற்றிவிடட்டுமா?
– வாசகர், வண்டன்மேடு

பதில்: தம்பி, இப்போது பூஸ்டரை மாற்றாதீர்கள். நோயையும் அது வரும் நேரத்தையும் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். அதுவே பாதி வைத்தியம். காலை ஈரத்தில் வந்து மதிய வெயிலில் போகிற கோளாறு ரப்பரில் இருக்க வாய்ப்பு குறைவு. பூஸ்டருக்குள் கிழிந்த ரப்பர் வெயிலில் ஒட்டிக்கொள்ளாது. ஈரத்தோடு வந்து ஈரத்தோடு போவது கம்பியும், அதை மாட்டும் கனெக்டரில் 'பின்' என்று சொல்லும் உலோக முனையும்தான்.

பூஸ்டர் என்பது பிரேக் மிதிக்கு நேர் எதிரே, எஞ்சின் அறையின் பின்சுவரில் தவலை மூடிபோல இருக்கும் கறுப்பு வட்டப் பெட்டி. உள்ளே டயாப்ரம் என்ற ரப்பர் சவ்வு இருக்கும். எஞ்சின் ஒரு பக்கத்துக் காற்றை உறிஞ்சிவிடுகிறது. நீங்கள் மிதிக்கும்போது மறுபக்கத்தில் வெளிக்காற்று புகுந்து தள்ளுகிறது. உங்கள் காலுக்குக் கிடைக்கும் கூடுதல் பலம் அதுதான். காற்றை உறிஞ்சியதால் உண்டாகும் இந்த வெற்றிடம், அதாவது வேக்குவம், போதுமான அளவு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல, பெட்டியின் மேலோ அதற்குப் போகும் ஓஸிலோ மூன்று வயர் கொண்ட சிறிய சென்சார் இருக்கிறது. அது பிரேக் பிடிப்பதில்லை, சேதி சொல்வதோடு சரி. சேதி சந்தேகமாக இருந்தால் காரின் கம்ப்யூட்டர் எஞ்சினைத் தானாக அணைக்காது. அணைத்துவிட்டு வேக்குவம் இல்லாமல் போனால் உங்களுக்கு ஆபத்து என்பதால்தான் அந்த வசதி நின்றுபோனது.

மூன்று வயரில் ஒன்று 5 வோல்ட், ஒன்று எர்த், மற்றது சிக்னல். சிக்னல் பொதுவாக 0.5 முதல் 4.5 வோல்ட்டுக்குள் ஏறி இறங்கும். அதற்கும் கீழே போனால், அது நடக்கக்கூடிய அளவே இல்லை என்று கம்ப்யூட்டர் 'கோடு' என்ற கோளாறு எண்ணை எழுதிவைக்கிறது. 0557 என்றால் 'பிரேக் பூஸ்டர் சென்சார் சர்க்யூட்டில் வோல்ட் தாழ்வு'. பூஸ்டர் கெட்டுவிட்டது என்று அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. 0556 வந்திருந்தால், அளவு பொருந்தவில்லை என்று பொருள். அப்போது ஓஸ், காற்றை ஒருவழியாக மட்டும் விடும் செக் வால்வு, பூஸ்டர் எல்லாவற்றையும் நானே சந்தேகப்படுவேன். கோடு என்பது முகவரி மாதிரி. தெருவைக் காட்டும், குற்றவாளியைக் காட்டாது. முகவரியைப் படித்ததும் 28 ஆயிரம் கேட்பவர்கள்மீது எனக்குக் கோபம்தான் வருகிறது.

இருந்தாலும் அம்மாவை ஏற்றிக்கொண்டு மலை இறங்குகிறீர்கள். என் வார்த்தையை மட்டும் நம்பி இறங்காதீர்கள். வீட்டு முற்றத்தில், சமதளத்தில், கைப்பிரேக் போட்டு நீங்களே பாருங்கள். எஞ்சின் அணைந்திருக்கும்போது பிரேக்கை ஐந்தாறு முறை மிதியுங்கள்; மிதி கல்போல ஆகிவிடும். காலை எடுக்காமல் அழுத்தியபடி ஸ்டார்ட் செய்யுங்கள். மிதி ஒரு விரற்கடை கீழே இறங்க வேண்டும். இறங்கினால் பூஸ்டர் உதவுகிறது. பிறகு இரண்டு நிமிடம் எஞ்சின் ஓடட்டும். அணைத்துவிட்டு மெதுவாக மிதியுங்கள். முதல் மிதி ஆழமாகவும், அடுத்தடுத்தவை மேலே மேலேயும் நின்றால் வேக்குவம் உள்ளே தங்குகிறது. கடைசியாக, எஞ்சின் ஓடும்போது மிதித்துப் பிடித்துக்கொண்டே அணைத்து, அரை நிமிடம் அப்படியே இருங்கள். மிதி உங்கள் காலை மேலே தள்ளக் கூடாது. இந்த மூன்றில் ஒன்று தவறினாலும், மிதித்துப் பிடித்திருக்கும்போது காலடியில் 'உஸ்' என்று காற்றுச் சத்தம் தொடர்ந்து கேட்டாலும், அந்த வண்டியில் மலை இறங்க வேண்டாம். அம்மாவை வேறு வண்டியில் அழைத்துப் போங்கள்.

மூன்றும் சரியாக இருந்தால் கோளாறு வயரிங் பக்கம்தான். போன மழைக்காலத்தில் புற்றடியிலிருந்து இதே கோடோடு ஒரு கார் வந்தது. வேறிடத்தில் பூஸ்டர் மாற்றியாகிவிட்டது. மூன்றாம் நாள் விளக்கு திரும்ப வந்துவிட்டது. சென்சார் கனெக்டரைக் கழற்றினேன். உள்ளே துடைத்ததுபோலச் சுத்தம். அரை மணி நேரம் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு வயரை விரலால் நீவிக்கொண்டே வந்தபோது, கனெக்டரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி ஓர் இடம் மட்டும் லேசாகப் புடைத்திருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஊசித்துளை. யாரோ டெஸ்டர் ஊசியைக் குத்தி வோல்ட் பார்த்திருக்கிறார்கள். அங்கே தோலைக் கீறியதும் செம்பு இல்லை, பச்சைப் பொடி உதிர்ந்தது. ஏழெட்டு இழைகளில் இரண்டுதான் மிச்சம். துளை வழியாகப் போன மழைநீர் இழைகளுக்கு நடுவே விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல ஏறியிருக்கிறது. அந்த ஒரு சாண் வயரை வெட்டிவிட்டுப் புதிது வைத்துச் சால்டர் செய்து, பசையுள்ள சுருங்கும் குழாய் போட்டேன். இன்றுவரை விளக்கு வரவில்லை. வயரில் ஊசி குத்தும் பழக்கம் எனக்கும் முன்பு இருந்தது. அன்றோடு விட்டேன். கனெக்டரின் பின்பக்க ரப்பர் வழியாக மெல்லிய முனையைச் செருகித்தான் இப்போது அளக்கிறேன்.

உங்கள் எலக்ட்ரீஷியனிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். மதியம் போகக் கூடாது. விளக்கு எரியும் காலை நேரத்திலேயே போக வேண்டும். நோய் வீட்டில் இருக்கும்போதுதான் வைத்தியர் வர வேண்டும். முதலில் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் அடியில் இருக்கும் தட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். ஏலத்தோட்டத்து வண்டி என்றால் அங்கே நிழல்மரத்து இலை மக்கி, தண்ணீர் வடியும் வழி அடைபட்டிருக்கும். வழிந்த நீர் பல வண்டிகளில் நேராகப் பூஸ்டரின் தலையில்தான் விழும். பிறகு கனெக்டரை எடுத்து ரப்பர் வளையம் இருக்கிறதா, பின்னில் பச்சை ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்க விடாதீர்கள். பின்னின் மேல் இருக்கும் பூச்சு போய்விட்டால் அடுத்த மழைக்குள் மறுபடி பச்சை ஏறும். காண்டாக்ட் கிளீனர் அடித்துக் காயவிட்டால் போதும்.

அடுத்தது மல்டிமீட்டர். சாவி போட்ட நிலையில் 5 வோல்ட் வயரில் ஐந்தை ஒட்டி வர வேண்டும். வராவிட்டால் சென்சாரைக் குறை சொல்ல முடியாது. அதே 5 வோல்ட்டைப் பல வண்டிகளில் வேறு சென்சார்களும் பகிர்ந்துகொள்கின்றன. எங்கோ ஒன்று ஷார்ட் ஆனால் எல்லாம் சேர்ந்து படுக்கும். 5 வோல்ட்டும் எர்த்தும் சரியாக இருந்தால், மீட்டரைச் சிக்னலில் வைத்துக்கொண்டு வயர்க்கட்டை ஒவ்வொரு அங்குலமாக அசைத்துப் பார்க்கட்டும். எண் எந்த இடத்தில் சடாரென்று விழுகிறதோ அங்கே பிரிக்க வேண்டும். எங்கும் விழாமல், கனெக்டரும் சுத்தமாக இருந்து, சிக்னல் வோல்ட் மட்டும் அடிமட்டத்திலேயே கிடந்தால் அப்போது சென்சாரை மாற்றலாம், சென்சாரை மட்டும்.

மலையில் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் பெரிய பட்டறைகளே தடுமாறுகின்றன. எஞ்சின் அணைந்து, மிதித்து மிதித்துப் பூஸ்டரில் வேக்குவம் தீர்ந்த பிறகு, சென்சார் வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்டும். கடற்கரையில் அது 101 கிலோபாஸ்கல். கம்பம் ஏறத்தாழ 400 மீட்டர் உயரம்; இங்கே 97ஐ ஒட்டி வரும். வண்டன்மேடு 1,000 மீட்டருக்கு மேல். அங்கே 90ஐத் தாண்டாது. 90ஐப் பார்த்து 'சென்சார் குறைவாகக் காட்டுகிறது' என்று கழற்றி எறிந்தவர்களை எனக்குத் தெரியும். எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேனிஃபோல்ட் பிரஷர் சென்சாரின் எண்ணையும் ஸ்கேனரில் பக்கத்திலேயே வைத்துப் பார்க்க வேண்டும். எஞ்சின் அணைந்திருக்கும்போது இரண்டும் ஒரே காற்றைத்தான் அளக்கின்றன. இரண்டும் 90 என்றால் இரண்டும் நல்லவை. ஒன்று 90, மற்றது 60 என்றால் 60 சொல்வதைச் சந்தேகிக்கலாம். சில வண்டிகளில் ஸ்கேனர் அழுத்தத்தைக் காட்டாமல் வேக்குவத்தைக் காட்டும். அங்கே வேக்குவம் தீர்ந்த பூஸ்டர் பூஜ்யம் காட்ட வேண்டும்.

கம்பம்மெட்டிலும் குமுளி ரோட்டிலும் பெட்ரோலை மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்து நியூட்ரலில் இறங்குகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். நீங்கள் அப்படிச் செய்பவராக இருந்தால் தயவுசெய்து இன்றே நிறுத்துங்கள். எஞ்சின் அணைந்தபின் பூஸ்டரில் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வேக்குவம் இருக்கும். ஒரு கொண்டை ஊசி வளைவுக்கே அவ்வளவும் செலவாகிவிடும். அடுத்த வளைவில் மிதி கல்லாகி நிற்கும். ஏறும்போது எந்தக் கியரோ, இறங்கும்போதும் அந்தக் கியர்.

கேள்வி: என் காரில் இடதுபக்கம் திரும்பும் வளைவுகளில் மட்டும் சிவப்புப் பிரேக் விளக்கு மின்னி மறைகிறது. நேர் ரோட்டில் இல்லை. இதுவும் சென்சார் கோளாறா?
– பள்ளி ஆசிரியை, குமுளி

பதில்: இல்லை டீச்சர், உங்கள் சென்சார் சரியாகத்தான் வேலை செய்கிறது. பிரேக் ஆயில் டப்பாவில் ஒரு மிதவை இருக்கிறது. ஆயில் குறைந்த கோட்டை ஒட்டி நின்றால், வளைவில் ஒரு பக்கம் ஒதுங்கும்போது மிதவை இறங்கி விளக்கைப் போடும். ஆயிலை ஊற்றி விளக்கை அணைத்துவிடாதீர்கள். பிரேக் பேடு தேயத் தேய ஆயில் மட்டம் இறங்கும். அதைத்தான் அந்த விளக்கு சொல்கிறது. முதலில் நான்கு சக்கரத்தையும் கழற்றி, பேடு எவ்வளவு மிச்சம், எங்காவது கசிவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பேடு மாற்றினால் மட்டம் தானே ஏறும். ஆயில் மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், குமுளியில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. அதுவரை விளக்கு நேர் ரோட்டிலும் நிலையாக எரிந்தால் வண்டியை எடுக்காமல் ஆளை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.